அந்தமானா, லட்சத்தீவா

மூன்றாவது முறையும் கரு தங்கவில்லை என்று திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் பெரம்பலூர் வீட்டில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். "சரிங்க சிஸ்டர்" என்று சொல்லி வைத்துவிட்டு, மிச்சக் காயையும் உரித்து, பொரியல் பண்ணி, சாப்பிட்டும் முடித்தேன். உப்புக்கூடச் சரியாகத்தான் இருந்தது. முதல் முறை தங்காதபோது மூன்று நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்காதவள் நான். இரண்டாவது முறை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இந்த முறை ஒன்றுமே வரவில்லை. ஊசி போட்டுப் போட்டு அடிவயிற்றில் அங்கங்கே தோல் மரத்துப் போயிருந்தது. உள்ளேயும் அதுதான் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது முடியப் போகிற நேரம். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். என் வீட்டுக்காரருக்கு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் வேலை. லாரி காலியாக உள்ளே வரும்போது ஒரு எடை, ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது ஒரு எடை. காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே பார்த்துக் குறித்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்புவார். கல்யாணமாகிப் பதிமூன்று வருஷம் ஆகிறது. எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். அவருக்கு வரவே வராது. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் வரும்.

போன் வந்த வாரமே டாக்டரைப் போய்ப் பார்த்தோம். இன்னும் ஒரே ஒரு கருதான் உறைய வைத்தபடி பாக்கி இருந்தது. "மார்ச் கடைசிக்குள்ள அதையும் வெச்சுப் பாத்துடலாம். அதுக்கு மேல தள்ளாதீங்கம்மா, உங்க பிரஷருக்கு நல்லதில்ல" என்றார் டாக்டர். "வேண்டாம்னு நெனச்சீங்கன்னா ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க." ஒரு படிவத்தை நீட்டினார். என் வீட்டுக்காரர் வாங்கி நாலாக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது டாக்டர், "எதுவா இருந்தாலும், ஒரு பத்து நாள் கண்காணாத எடத்துக்குப் போயிட்டு வாங்க" என்றும் சொன்னார். டாக்டர்கள் ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் என் வீட்டுக்காரருக்கு அது மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஒரு டிராவல்ஸ் ஆபீஸிலிருந்து வழவழப்பான இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்றில் அந்தமான், இன்னொன்றில் லட்சத்தீவு. இரண்டிலும் ஒரே மாதிரி கடல், ஒரே மாதிரி மணல், ஒரே மாதிரி சாய்ந்த தென்னை மரம். தென்னை மரம் பார்க்க எதற்குக் கப்பலேற வேண்டும், தா.பழூரில் என் மாமியார் வீட்டுக் கொல்லையிலேயே ஏழு நிற்கிறதே என்றேன். அவர் சிரித்துவிட்டு டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்தமான்னா சுளுவு சார். சென்னையிலேர்ந்து பிளைட்டு, அடுத்த மாசமே போயிட்டு வந்துடலாம். லட்சத்தீவுக்கு பர்மிட் வேணும். போலீஸ்ல சர்டிபிகேட் வாங்கணும், எழுதிப் போடணும், அப்புறம் கொச்சியிலேர்ந்து கப்பல். எல்லாம் கூடி வர எப்படியும் ஏப்ரல் ஆயிடும்."

ஏப்ரல் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் முடிவு செய்துவிட்டேன். அந்தமான் என்றால் பிப்ரவரியில் போய்விட்டு வந்து, மார்ச்சில் மறுபடி ஊசி, மறுபடி மாத்திரை, மறுபடி கால்களை உயர்த்திப் படுத்துக்கொண்டு மேலே சுற்றாத ஒரு மின்விசிறியைப் பார்ப்பது. லட்சத்தீவு என்றால் பர்மிட்டுக்குக் காத்திருக்கும்போதே மார்ச் கடந்துவிடும். வேண்டாம் என்று நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அதைப் போலீஸ் ஸ்டேஷனும் கப்பல்காரனும் சேர்ந்து சொல்லிவிடுவார்கள்.

"எனக்கு லட்சத்தீவுதான் புடிச்சிருக்கு" என்றேன்.

"ஏன்?"

"கடல் பச்சையா இருக்கு."

அவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அந்தமான்லயும் பச்சையாத்தானே இருக்கு?"

"பிப்ரவரியில மாடல் எக்ஸாம். பிள்ளைங்கள நட்டாத்துல விட்டுட்டு வர முடியாது. ஏப்ரல்னா லீவு."

பரீட்சை என்பது எங்கள் வீட்டில் மறுத்துப் பேச முடியாத காரணம். அவரும் மறுக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. அடுத்த மூன்று வாரமும் தினம் ஒரு காரணம் கொண்டுவந்தார். எடைமேடைக்கு வரும் ஒரு லாரி டிரைவரின் தம்பி அந்தமானில் இருக்கிறானாம். நம்ம ஆட்கள் அங்கே ஏராளமாம். இட்லி, சாம்பார் எல்லாம் கிடைக்குமாம். "நம்ம ஊர் மாதிரியே இருக்குமாம்" என்றார் ஒரு நாள், பெரிய நல்ல சேதி போல.

"அப்ப எதுக்கு அவ்ளோ தூரம் போவணும்?" என்றேன். "இட்லி வெக்கிறவ சும்மா வெப்பாளா? கொழந்த எத்தனன்னு கேட்டுட்டுத்தான் சட்னி ஊத்துவா."

அவர் தட்டில் இருந்த தோசையைப் பிட்டுப் பிட்டு வைத்தார். அவருக்கு இன்னும் ஆசை விடவில்லை, அந்தக் கடைசி ஒன்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தவிக்கிறார், அதனால்தான் அந்தமான் அந்தமான் என்று கிடக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அதுவும் இல்லை. பாவப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

தீவுக்குப் போகிறோம் என்ற பேச்சு எப்படியோ வெளியே போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தா.பழூரிலிருந்து மாமியார் போன் செய்தார்.

"ஏம்மா, தீவுக்குப் போறதுன்னா ராமேஸ்வரம் போவக் கூடாதா? அதுவும் தீவுதானே? போனதுக்கு ஒரு பலனாவது கெடைக்கும்."

"ரெண்டு தடவ போயிட்டு வந்தாச்சு அத்த."

"மூணாந்தடவ போனா கொறஞ்சா போயிடுவ?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்காகச் செவ்வாய்தோறும், பல்வலிக்குக்கூட மருந்து போட்டுக்கொள்ளாமல், விரதம் இருப்பவர். ஆனால் நான் எத்தனை கோயில் மரங்களில் மரத்தொட்டில் கட்டியிருக்கிறேன், எத்தனை கோயில் தரையில் இலை போடாமல் மண்சோறு சாப்பிட்டிருக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். பள்ளியில் ஆசிரியர் அறையில் தமிழம்மா, "லட்சத்தீவுல கோயிலே கெடையாதாமே? கோயில் இல்லா ஊர்ல குடியிருக்க வேண்டாம்னு சொல்லுவாங்க" என்றார். "குடியிருக்கப் போகல மிஸ், நாலு நாள் படுத்துத் தூங்கப் போறேன்" என்றேன். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது அந்தச் சிரிப்பு வேறு யாரோ பக்கத்து அறையில் சிரிப்பது போலக் கேட்டது.

அந்த வாரங்களில் நான் எதையும் விட்டுவிடவில்லை. காலையில் விளக்கேற்றினேன், ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன், தப்புக் கணக்குக்கு மார்க் குறைத்தேன். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையெட்டும் தூரத்தில்தான் திருகு இருந்தது. அவர் ஓடி வந்து அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். திட்டியிருக்கலாம். துணியை எடுத்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

பிறகு துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "பூப் போட்டுப் பாத்துடுவமா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். இரண்டு வரனில் எதை முடிப்பது, வயலில் எந்த மூலையில் போர் போடுவது என்று மனம் மதில் மேல் பூனையாக நின்றால் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அது அம்மன் உத்தரவு. ஒரு தீவுப் பயணத்துக்காக யாரும் பூப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நான் சரி என்றேன். வெள்ளைக்கு அந்தமான், சிவப்புக்கு லட்சத்தீவு. சிவப்பு வந்துவிட்டால் அம்மனே எனக்காக வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் லீவு சொல்லிவிட்டு, அவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, அரியலூர் போகும் வழியில் ரோட்டோரமாக இருக்கும் ஒரு அம்மன் கோயிலில் இறங்கினோம். பதினொரு மணி வெயில். பூசாரி அரளிப் பூ ஒன்றையும் நந்தியாவட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, "பொண்ணு பாக்கறீங்களா, போர் போடறீங்களா?" என்று கேட்டார்.

"டூருங்க" என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு ஊர்ல எதுக்குப் போறதுன்னு தெரியல."

பூசாரி எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் பூவைப் பொட்டலம் கட்டினார். விபூதி மடிக்கும் தாளில் ஒரே அளவாக இரண்டு பொட்டலம். "ரெண்டு பேரும் மனசுல நெனச்சுக்குங்க" என்று சொல்லி அவற்றைக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். கண்ணை மூடினேன். ஊர் பெயர் எதுவும் என் மனதில் இல்லை. வேண்டாம், எனக்கு இனி வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"எடுக்கச் சொல்லுங்க. புள்ளைய இட்டாரலியா?" என்றார் பூசாரி.

ஒரு பூவை எடுப்பதற்குக்கூட எங்களிடம் குழந்தை இல்லை என்பது எங்கள் இருவருக்குமே அதுவரை தோன்றவில்லை. வெள்ளிக்கிழமையா, வெறும் வயிறா, எல்லாவற்றையும் யோசித்திருந்தோம். "இருங்க சாமி, பாத்துட்டு வரேன்" என்று அவர் வெளியே போனார். வேப்பமரத்தடியில் யாரோ காதுகுத்துக்கு வந்து சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு பெண்ணிடம் குனிந்து ஏதோ பேசுவதும், அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்ப்பதும் தெரிந்தது. நாலு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தையோடு திரும்பி வந்தார். குழந்தை ஒரு கையில் முறுக்கும் மறு கையில் அவருடைய ஒரு விரலுமாக நடந்து வந்தது. அதன் நடைக்குத் தகுந்தபடி அவர் சின்னச் சின்ன அடியாக வைத்து வந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாப்பா, அதுல ஒண்ணு எடுத்துக் குடு" என்றார் பூசாரி.

குழந்தை முறுக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டது.

"ஒண்ணுதான் கண்ணு எடுக்கணும்." வாங்கி மறுபடி போட்டார். மறுபடியும் இரண்டையும் எடுத்தது. மூன்றாம் முறை பிடுங்கப் பார்த்தபோது இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ரெண்டும் எனக்கு" என்று அழ ஆரம்பித்தது. காதுகுத்துக்கு வந்த பெண் ஓடி வந்து அதைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை பொட்டலங்களை விடவே இல்லை. அப்படியே கொண்டுபோய்விட்டாள்.

பூசாரி கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "மூணு தடவைக்கு மேல கேக்கக் கூடாது. உத்தரவு இல்ல. ஆமா, ரெண்டு பேரும் ஒண்ணத்தானே நெனச்சீங்க? புருசன் ஒண்ணு பொண்டாட்டி ஒண்ணுன்னு நெனச்சாத்தான் இப்புடி ஆவும்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஊர நெனைக்கலங்க."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தோம். அங்கே தகரக் கொட்டகை நிழலில் நின்று அவர் பையைத் திறந்தார். டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் படிவம். கீழே அவர் கையெழுத்து இருந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் மை தேய்ந்து போயிருந்தது.

"எப்பப் போட்டீங்க?"

"டாக்டர் குடுத்தாங்கள்ல, அன்னிக்கே. டூட்டிக்குப் போயி போட்டேன்."

"அப்புறம் எதுக்கு மூணு வாரமா அந்தமான் அந்தமான்னு என் உசுர வாங்குனீங்க?"

"ஏப்ரல்னா அதுக்கு முன்னாடியே நீ அந்த ஊசிக்குப் போயிடுவன்னு பயந்தேன். சீக்கிரமா உன்ன எங்கயாவது கூட்டிட்டுப் போயி, அங்க வெச்சு சொல்லிடணும்னு இருந்தேன். போதும்னு. வூட்டுல சொல்ல எனக்கு வாய் வரல."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு சொன்னேன், நானும் போதும் என்றுதான் லட்சத்தீவைக் கேட்டேன் என்று. அவர் என்னையே பார்த்தார்.

"மூணாவது தடவையே எனக்கு வேண்டாம்மா. நீ ஆசப்படறன்னு நெனச்சுத்தான் வந்தேன்."

"நானும் நீங்க ஆசப்படறீங்கன்னுதான் போனேன்."

இருவருக்கும் வேண்டாத ஒன்றுக்காக நாற்பது நாள் ஊசி குத்திக்கொண்டிருக்கிறேன். அவர் விடியற்காலையில் எழுந்து, ஐஸ் வைத்துத் தோலை மரக்கச் செய்து, கை நடுங்காமல் அந்த ஊசியைப் போட்டிருக்கிறார். இதைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றையேதான் நினைத்திருக்கிறோம், இனி ஆஸ்பத்திரி இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் எனக்கு வந்தது கோபம். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த கோபம் காலிலிருந்து தலை வரைக்கும் ஏறியது.

"நீங்களாவது ஆசப்பட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

கொட்டகையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திகைத்துப் போனார். "நீயும் வேண்டாம்னுதானே..."

"நான் வேண்டாம்பேன். நீங்க ஏன் சொல்றீங்க? நாம ரெண்டு பேருமே வேண்டாம்னுட்டா அதுக்கு யாருங்க இருக்கா?"

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை நாளும் நான் தைரியமாக மறுத்துக்கொண்டிருந்தது அவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான். நான் கைவிட்டாலும் அதை நினைத்துக்கொண்டு ஒரு ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை. அந்த ஆளும் முன்பே கையெழுத்துப் போட்டுவிட்டு அதை டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மூன்று முறைக்கும் சேர்த்து அழுதேன். காதுகுத்துக்காரப் பெண் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனாள். இரண்டு பஸ் வந்து போயின. அவர் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். சத்தமே இல்லாமல் மூக்கைத் துண்டால் துடைத்துத் துடைத்து அழுதார்.

மார்ச் வரைக்கும் தேதியைக் கடத்த எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமையே திருச்சிக்குப் போனோம். படிவத்தை வாங்கிப் பார்த்த நர்ஸ், "நல்லா யோசிச்சுட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார். யோசித்துவிட்டோம் என்றேன். "அத ஒருவாட்டி பாக்கலாமா?" என்றும் கேட்டேன். பெரிய கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் அவர், "பாக்க ஒண்ணும் இருக்காதும்மா, கண்ணுக்கே தெரியாது. அந்த ரூமுக்குள்ள டேங்க்ல இருக்கு, தொறக்கக் கூடாது" என்று ஒரு கதவைக் காட்டினார். வெள்ளைப் பெயிண்ட் அடித்த சாதாரணக் கதவு. செருப்பை வெளியே விடவும் என்று எழுதியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அவரும் வந்து நின்றார். பிறகு திரும்பி வந்து அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

திரும்பும் வழியில், பாடாலூர் தாண்டும்போது டிராவல்ஸ்காரர் போன் செய்தார். மூன்று வாரமாகப் பதிலே இல்லையே, எந்தத் தீவு என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இனி அந்தமானும் லட்சத்தீவும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் கடல் இருக்கிறது.

"எது சீக்கிரமோ அது" என்றேன். "பரீட்ச அது பாட்டுக்கு நடக்கட்டும்."

"அந்தமானே போட்டுடுங்க" என்றார் அவர் போனில்.

"சரிங்க சார். டிக்கெட்டு எத்தன பேருக்கு?"

பஸ் இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டு பேருக்குங்க."

"பெரியவங்க ரெண்டு. கூட பசங்க யாராச்சும் வராங்களா மேடம்?"

"இல்லீங்க" என்றேன். "நாங்க ரெண்டே பேருதான்."